மெட்டுக்கு ஏது குலம்?

உயர்ந்த இசை வேறு, ஊரார் முணுமுணுக்கும் மெட்டு வேறு எனப் பிரித்துக் காண்பது அறிஞர் பலரின் வழக்கம். இசை வரலாறோ இப்பிரிவினையைப் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது.

1920களில் அமெரிக்க நாடக மேடையில் பிறந்து, ஜாஸ் குழுக்களால் உலகெங்கும் பரவிய மெட்டு ‘டீ ஃபார் டூ’. வின்சென்ட் யூமன்ஸ் இயற்றிய அதனை, ரஷ்ய இசை மேதை ஷோஸ்தகோவிச் முழு இசைக்குழுவுக்கென அமைத்துத் தந்தார். ஒரு மணி நேரத்துள் முடிக்க இயலுமா என நடத்துநர் மால்கோ நூறு ரூபிள் பந்தயம் கட்ட, அவர் முக்கால் மணியில் முடித்தார் என்பர். 1928 நவம்பரில் அது மாஸ்கோவில் அரங்கேறியது.

இதனினும் வியப்புக்குரிய வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. விடுதலையை எதிர்நோக்கிய மலாயா, 1956இல் நாட்டுப்பண் வேண்டி உலகளாவிய போட்டி ஒன்றை அறிவித்தது. வந்த 514 படைப்புகளுள் ஒன்றும் தேறவில்லை. பின்னர் பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், மெனோட்டி, சுபிர் சைட் ஆகிய பெரும் இசைப்புலவர்களின் ஆக்கங்கள் பெறப்பட்டன. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு அவற்றையும் ஏற்கவில்லை. இறுதியில், 1957 ஆகஸ்டு 5ஆம் நாள், பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே தேர்வாயிற்று.

அம்மெட்டின் பூர்விகம் என்ன? பிரெஞ்சுப் பாடலொன்றின் மெட்டென்றும், பேராக் சுல்தான் அப்துல்லா நாடுகடத்தப்பட்டிருந்த செஷல்ஸ் தீவிலிருந்து வந்ததென்றும் கூறுவர். ‘தெராங் புலான்’ என்னும் காதற் பாட்டாக அது மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் பரவியிருந்தது. 1947இல் இலண்டனைச் சேர்ந்த ஹவாய் பாணி இசைக்குழு ஒன்று, ‘மாமுலா மூன்’ என்னும் பெயரில் அதனை நடன இசையாகவே இசைத்தட்டில் வெளியிட்டது.

நடனக்கூடத்து மெட்டு நாட்டின் மாண்பைத் தாங்குமா? 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் கொடியேறியபோது ‘நெகாராகூ’ அவ்வினாவுக்கு விடையளித்தது. சுரங்கள் பழையனவே, நடை நிதானமாயிற்று, சொற்கள் புதியனவாயின, வாத்தியக் குழு கம்பீரம் ஊட்டிற்று. 1992இல் அதன் நடை விரைவாக்கப்பட்டபோது மக்கள் மனம் ஒப்பவில்லை. 2003இல் பழைய நிதானமே திரும்பியது. மெட்டின் மாண்பு அதன் பிறப்பில் இல்லை, கையாளும் முறையில்தான் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டெங்கில் தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று பாடுவதும் அம்மெட்டையே. திரைமெட்டையோ மேல்நாட்டு மெட்டையோ நம் இளைஞர் எடுத்தாளும்போது, பெரியோர் நாம் முதலில் அதன் குலத்தை விசாரிக்கிறோம். அதனைக் கொண்டு அவர்கள் என்ன ஆக்கினார்கள் என்று கேட்பதே முறையாகும்.