உடல் நிறை குறியீட்டெண்

ஒருவரின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைக்கும் எண். மருத்துவமனைகளில் பிஎம்ஐ என்றே வழங்குகிறது. 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு இது 25.

இதைத் தொடங்கிவைத்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796இல் பிறந்த அடால்ஃப் கெட்லே, வானியலும் புள்ளியியலும் கற்றவர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதை எண்களால் வரையறுக்க முயன்றபோது, வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கண்டார். 1835இல் வெளியான தமது நூலில் அதைப் பதிவுசெய்தார். யாருடைய நோயையும் கணிக்க அவர் இதைச் சொல்லவில்லை.

எடையை ஆயுளோடு முடிச்சுப் போட்டவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். பருமனானவர்கள் முன்னதாக இறப்பதைக் கணக்குகளில் கண்ட அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் நிறுவனம், 1940களிலும் 1959இலும் உயரத்துக்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவற்றையே கைக்கொண்டனர்.

1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் அவர் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்டோரின் அளவுகளை ஆராய்ந்தனர். தோல்மடிப்பின் தடிமன், உடல் அடர்த்தி ஆகியவற்றோடு ஒப்பிட்டபோது கெட்லேயின் வகுத்தலே மற்ற எளிய சூத்திரங்களைவிடச் சற்று மேலாக நின்றது. பிஎம்ஐ என்ற பெயரை நிலைநிறுத்தியது அந்தக் கட்டுரைதான். ஆனால் அந்த 7,400 பேரும் ஆண்கள். பிற்காலத்தில் பெண்கள் உட்பட உலகம் முழுவதற்கும் விரிந்த ஓர் அளவுகோலுக்கு இது குறுகிய அடித்தளமே.

1990களில் உலக சுகாதார நிறுவனம் எல்லைகளை வகுத்தது: 18.5க்குக் கீழ் எடைக்குறைவு, 25 முதல் மிகை எடை, 30 முதல் உடல் பருமன். அமெரிக்கா 1998இல் இந்த 25ஐ ஏற்றபோது, உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடைப் பட்டியலில் சேர்ந்தனர்.

இந்த எல்லைகள் இந்தியருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை புனேயிலிருந்து வந்தது. அங்கே பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை. ஆனாலும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை என்று மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு காட்டியது. 2004இல் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் தம் படங்களையே லான்செட் இதழில் அருகருகே வெளியிட்டனர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் நம்மவர்க்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய ஆய்வு அரிது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, பொது எல்லைகளை மாற்றாமல், ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாக முன்வைத்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் எட்டிய ஒருமித்த முடிவில் 23 மிகை எடையின் தொடக்கம். 25 உடல் பருமன்.

பெருந்திரளான மக்களில் இந்த எண் ஏற ஏற நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம் ஆகியன கூடுவது உறுதியாகத் தெரிந்த உண்மை. மிகவும் தாழ்ந்தாலும் ஆபத்துதான். தனி மனிதரிடம் வந்தால்தான் தடுமாற்றம். தசை எது, கொழுப்பு எது என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. ஈரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்வது. அதையும் இது காட்டாது. மல்யுத்த வீரரைப் பருமன் என்று சொல்லும். தசை கரைந்த முதியவரை நலமுள்ளவர் என்று விட்டுவிடும்.

2025 ஜனவரியில் லான்செட் குழும இதழொன்றில் அறிக்கை வெளியிட்ட பன்னாட்டு வல்லுநர் ஆணையம், பிஎம்ஐயை மட்டும் வைத்துத் தனிநபருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவுசெய்யக் கூடாது என்றது. கொழுப்பை நேரடியாகவோ இடுப்புச் சுற்றளவு போன்றவற்றாலோ உறுதிப்படுத்தச் சொன்னது. இந்தியருக்கான இடுப்பு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.