ஆங்கிலச் சொல்லீறுகளும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியே மனனம் செய்வதைவிட அவற்றின் ஈறுகளை அறிந்து சொல்வளம் பெருக்குவதே எளிது என்பது ஆசிரியர் நன்கறிந்த செய்தி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வீறுகளை எதிர்கொண்ட வரலாறே என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1875இல் வெளிவந்த தம் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டார். ஆங்கில ஈறு நீங்கி 'அம்' ஏறியது. சொல் வேற்றுமை உருபேற்கும் தகுதி பெற்றது. எனினும், அது வேறொரு சொல்லுக்குத் திறவுகோலாகவில்லை. பிற்கால ஈழத்துப் பாடநூல்கள் இவ்வகையில் நுட்பமானவை. சல்பேற்று, சல்பைற்று, சல்பைட்டு என்னும் மூன்றும் மூன்று வேறு சேர்மங்கள். ஆங்கிலத்தில் ஈற்று மெய் ஒன்றாலேயே வேறுபடும் பின்னிரண்டையும் றகர, டகர இரட்டிப்பால் பிரித்துக் காட்டியமை, தமிழ் எழுத்தின் ஆற்றலை உணர்ந்தோர் செயல் எனலாம்.

தமிழகம் பொருள்வழியே சென்றது. விபுலாநந்தர் தலைமையில் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டைத் தொடர்ந்து, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' 1938இல் வெளிவந்தது. 'சாத்திரம்', 'நூல்' என முடிந்த துறைப் பெயர்கள் காலப்போக்கில் 'இயல்' என்னும் ஈற்றில் நிலைபெற்றன. ஆயின், உயிரியல், இயற்பியல், புவியியல் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் முறையே '-லஜி', '-இக்ஸ்', '-கிராஃபி' என முடிவன. 'இயல் என்றால் லஜி' எனச் சுருக்கிக் கற்பிப்பது பொருந்தாது. மேலும், 'அப்பாலஜி' எந்தத் துறையும் அன்று!

மலேசியாவில் மூன்றாம் மொழியும் சேர்கிறது. முன்பு 'காஜி ஹயாத்' எனப்பட்ட உயிரியலை மலாய் இன்று 'பயோலோகி' என்கிறது. ஆங்கில ஈறு சிறு மாற்றத்துடன் அப்படியே ஏற்கப்பட்டது. நிபோங் திபால் வட்டாரத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும், 2001இல் அங்கு இடம்பெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் அருகருகே உள்ளன. தமிழ்ப்பள்ளி மாணவர் அவ்வளாகம் வரை செல்ல, இடையில் மலாய்வழி இடைநிலைப்பள்ளியைக் கடக்க வேண்டும். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலவழி ஆக்கப்பட்டு, 2009இல் அம்முடிவு கைவிடப்பட்ட காலத்தில் பயின்றோர் இச்சுமையை இருமுறை சுமந்தனர். அவர்கள் ஏற்கெனவே அறிந்த தமிழ் ஈறுகளைப் பாலமாக்கும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு போதும். மலாயில் 'தெர்மோமீட்டர்', 'கிலோமீட்டர்' இரண்டும் ஒரே ஈற்றெழுத்துகளால் முடிகின்றன. பிரிட்டிஷ் ஆங்கிலம் எழுத்துக்கூட்டலில் அவற்றை வேறுபடுத்துகிறது. மாணவர் பெரிதும் பிழைசெய்யும் இடமும் அதுவே. தமிழிலோ முன்னது வெப்பமானி, பின்னது கிலோமீட்டர். 'மானி' எனத் தமிழாக்க இயலுமாயின் அது கருவி, இயலாதாயின் அலகு எனக் கூறி, அதற்கேற்ற ஆங்கில எழுத்துக்கூட்டலை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.