தோள் தழும்பின் கதை – 6: ரகசிய எண்கள்

லூபெக் நகரத்துக் குழந்தைகளோடு சென்ற வாரம் நிறுத்தினேன். 1930இல் அந்த ஜெர்மன் ஊரில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தோடு வீரியமுள்ள காசக் கிருமி கலந்துபோய், எழுபதுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் மாண்டார்கள். தப்பு ஆய்வுக்கூடத்தினுடையது என்று விசாரணையில் தீர்ந்தது. பயம் தீரவில்லை.

1955. ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று சிறு நூலே போட்டுவிட்டார். நோயில்லாத பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியை ஊர் ஊராக ஏற்றுவதா? அவர் பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் ஊசிக் குழு ஊருக்குள் வந்தால் பெற்றவர்கள் சர்க்கார் பேச்சைக் கேட்பார்களா, ராஜாஜி பேச்சையா? மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் மசியவில்லை. கிண்டியில் 1948 முதல் தயாரான மருந்து போய்க்கொண்டேயிருந்தது.

என்னைக் கேட்டால், ராஜாஜியின் முடிவைவிட அவர் எழுப்பிய சந்தேகம்தான் பெரிது. நம் மண்ணில் பெரிய அளவில் சோதித்து முடித்த ஆதாரம் அன்று கிடையாது.

அதற்காக 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் களமிறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் கைகொடுத்தது. களம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரம். 1971க்குள் ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போட்டாயிற்று. சிலருக்கு பிரெஞ்சு வகை, சிலருக்கு டேனிஷ் வகை, சிலருக்கு மருந்தே இல்லாத திரவம். தோலுக்குள்ளேயே நிற்கும் ஊசி. குத்திய இடம் துவரம்பருப்பு அளவுக்குப் புடைக்கும். எது யாருக்குப் போனது என்பது ரகசிய எண்ணுக்கே வெளிச்சம். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. (பின்னால் தழும்பு காட்டிக்கொடுத்திருக்கும், அது வேறு விஷயம்.)

அப்புறம் வருஷக்கணக்கில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. சளியில் கிருமி தெரிந்தால் நோயாளி, அதுதான் கணக்கு.

1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளிவந்தது. எண்களைப் பிரித்துப் பார்த்தால், மருந்து ஏறியவர்களிடமும் ஏறாதவர்களிடமும் நுரையீரல் காசம் கிட்டத்தட்ட ஒரே அளவு!

அப்படியானால் கிழவர் சொன்னதுதான் சரியா?

அவசரப்படாதீர்கள். சோதனை முழுக்கச் சளியை நம்பி நின்றது. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அந்த வயதில் காசம் நெஞ்சோடு நிற்காமல் மூளைச் சவ்வுக்கும் ஏறும். விடாத காய்ச்சல், வாந்தி, கடைசியில் வலிப்பு. திருவள்ளூர்க் கணக்கில் இது சிக்கவே இல்லை.

சிக்க வைக்க ஒரு வழி இருந்தது. ஊசி போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திராமல், மூளைக்காசம் கண்டு படுத்த குழந்தைகளிடமிருந்து பின்னோக்கி விசாரிப்பது. சென்னையில் டாக்டர் என். திலோத்தம்மாளும் சகாக்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். நோய் கண்ட குழந்தைகள் ஒருபுறம், காணாதவர்கள் மறுபுறம். இருவரிடமும் கேள்வி ஒன்றே: பி.சி.ஜி. போட்டதா, இல்லையா?

1996இல் அச்சேறிய அந்தப் பதில்...

(அடுத்த வாரம்)