நிழலில் பூக்காத மல்லிகைக்குப் பதில் தவசிக்கீரை நடலாம்

கொல்லையில் மாமரமோ வேப்பமரமோ வளர்ந்து நிழல் கட்டிவிட்டால், அதன் அடியில் முன்பு நன்றாகப் பூத்த குண்டுமல்லியும் ரோஜாவும் நலியத் தொடங்கும். இவை வெயில் விரும்பும் செடிகள். உரத்தைக் கூட்டினாலும் நிழலில் பூ பிடிக்காது. அந்த இடத்துக்கு நிழல் தாங்கும் புதர்ச்செடியான தவசிக்கீரை ஏற்றது. கேரளத்தில் இதை வேலியோரக் கீரையாக வளர்க்கிறார்கள்.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

கிளைகள் மெலிந்து நீண்டு, கணுக்களுக்கு இடையே இடைவெளி கூடி, பூ குறைந்திருந்தால் நிழல்தான் காரணம். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல். வேர் கறுத்து அழுகியிருந்தால் நீர் தேங்குகிறது. நீர் தேங்கும் இடத்தில் வடிகால் அமைக்காமல் எந்தச் செடியும் வைக்க வேண்டாம்.

பழைய மல்லிகையை வீணாக்க வேண்டியதில்லை. நல்ல கிளையில் பதியன் போட்டு, வேர் பிடித்ததும் வெயில் படும் இடத்தில் நடலாம்.

நடவு

மழைக்காலத் தொடக்கம் நல்ல பருவம். பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். அடிமரத்திலிருந்து 4, 5 அடியாவது தள்ளி, ஓர் அடி ஆழக் குழி எடுத்து, மண்ணுடன் மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பவும். குழி எடுக்கும்போது மரத்தின் பெரிய வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். செடிக்குச் செடி 2 அடி இடைவெளி போதும்.

பராமரிப்பு

மரத்தின் வேர்கள் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், துளிர்க்கும் வரை மண் காயாமல் தண்ணீர் விடவும். பிறகு மேல்மண் காய்ந்ததும் பாய்ச்சினால் போதும். சருகு மூடாக்கு ஈரத்தைக் காக்கும். மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, சிறிது வெளிச்சம் விழச் செய்தால் தழை கூடும். அடர்ந்த இருட்டு நிழலில் இதுவும் மெலியும்.

அறுவடை

மூன்று, நான்கு மாதங்களில் நுனித்தளிரைக் கிள்ளத் தொடங்கலாம். செடியை 3 அடி உயரத்தில் நிறுத்தி வெட்டி வந்தால் பக்கக்கிளைகள் பெருகி, ஆண்டுக்கணக்கில் கீரை கிடைக்கும்.

எச்சரிக்கை

தவசிக்கீரையை வேகவைத்து, அளவாகவே உண்ண வேண்டும். பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்கக் கூடாது. தைவானில் 1990-களின் நடுவில், உடல் எடையைக் குறைக்க இந்தச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டன, சிலர் இறந்தனர். கீரையைக் கொடுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.