எண்ணெயை விட்டும் கொழுப்பு ஏறியது ஏன்?



கேளம்பாக்கத்தில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். "சார், ஆறு மாசமா வடை, நெய் எதையும் தொடல. அப்படியும் டிரைகிளிசரைடு ஏறியிருக்கே?" என்றார். சோறும் இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் மட்டும் குறையவில்லையாம். இதற்குப் பதில் 400 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

நம்மூர் உப்பளத்து உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. ரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். பிறகு கொழுப்பு அதில் எப்படிப் போகிறது?

1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் தீனி தின்ற நாயின் வயிற்றை அறுத்தபோது, குடலருகே வெள்ளை நூல் போன்ற குழாய்களைக் கண்டார். ஒன்றைக் கீறியதும் பால் போல வழிந்தது. அது கொழுப்பு கலந்த நிணநீர். குடல் உறிஞ்சும் கொழுப்பு நிணநீர்க் குழாயில் ஏறி, மார்பு வழியாக வந்து, இடப்பக்கக் கழுத்தடியில் ரத்தத்தோடு சேர்கிறது.

1929-இல் பிரான்சில் மிஷேல் மாஷ்பஃப், குதிரை ரத்தத்தின் சீரத்தில் கொழுப்பு புரதத்தோடு சேர்ந்தே இருப்பதைக் காட்டினார். புரதம் வண்டி, கொழுப்பு சரக்கு. 1950 வாக்கில் அமெரிக்காவில் ஜான் காஃப்மன் அதிவேகச் சுழற்சிக் கருவியால் அந்த வண்டிகளை அடர்த்தி வாரியாகப் பிரித்தார். குடல் அனுப்பும் வண்டி கைலோமைக்ரான். கல்லீரல் அனுப்புவது வி.எல்.டி.எல்.; சரக்கை இறக்கியபின் அதில் ஒரு பகுதி எல்.டி.எல். ஆகிறது. எச்.டி.எல். மிச்சக் கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும்.

நம் நாட்டிலும் ஒரு புதிர் எழுந்தது. 1967-இல் ரயில்வே மருத்துவர் எஸ்.எல்.மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பஞ்சாபியர் நம்மவரைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டனர். ஆனால் இதயநோய் தென்னிந்தியரிடம் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம்! அவர் சொன்ன காரணங்கள் விவாதத்துக்குரியவை. ஆனால் தட்டில் உள்ள கொழுப்பை மட்டும் எண்ணினால் போதாது என்பது அன்றே தெரிந்தது.

இப்போது நண்பரின் சீட்டுக்கு வருவோம். இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் ரத்தம் கொடுத்தார். அதற்குள் குடலின் வண்டிகள் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது கல்லீரலின் வண்டி. தேவைக்கு மேல் சேரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி அதில்தான் ஏற்றுகிறது.

"வடையை விட்டது நல்லதுதான் சார். காபிச் சர்க்கரையையும் இரண்டாம் முறை போடும் சோற்றையும் பாருங்க. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்றேன்.

உங்கள் வீட்டில் இப்படிச் சீட்டு இருந்தால், எல்லா வரிகளையும் படித்துப் பார்த்து, டாக்டரிடம் கேளுங்கள்.