அன்னாசித் தழையும் கறவைப் பாலும்

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில் அன்னாசி பயிரிட்டோருக்கு நெடுங்காலச் சத்துருவாய் இருந்தது மாவுப்பூச்சி. அது சுரக்கும் இனிய கழிவை விரும்பி அதனைப் பரிபாலித்து வந்தவை எறும்புகளாதலின், அவற்றை நாசம் செய்ய ஹெப்டாகுளோர் என்னும் மருந்தைப் பிரயோகித்தனர். அமெரிக்காவில் அம்மருந்தின் பெரும்பாலான உபயோகங்கள் 1970-களில் நிறுத்தப்பட்ட பின்னரும், அன்னாசிக்குச் சில காலம் விலக்கு நீடித்தது.

அறுவடைக்குப்பின் எஞ்சிய தழையை நறுக்கிக் கறவை மாடுகளுக்கு இடுவது அத்தீவின் வழக்கமாயிருந்தது. வீணாவதைத் தீவனமாக்கும் அந்தச் சிக்கனம் தன்னளவில் போற்றத்தக்கதே. ஆயினும் தழையோடு சென்ற விஷம், மாட்டின் தேகத்தில் ஹெப்டாகுளோர் எபாக்சைடு என்னும் எளிதில் அழியாத ரூபம் பெற்று, கொழுப்பிலே தங்கி, அக்கொழுப்போடு பாலிலும் இறங்கிற்று. 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடைகளிலிருந்து பால் திரும்பப் பெறப்பட்டபோது, குழந்தைகள் அதனை மாதக்கணக்கில் பருகியிருந்தனர் என்பதை நினைக்க நெஞ்சம் பதறுகிறது. தாய்மார்களின் முலைப்பாலிலும் அவ்வெச்சம் காணப்பட்டது.

பல்லாண்டுகள் கழித்து, அத்தீவில் வாழ்ந்து இறந்த ஜப்பானிய வமிசத்து முதியோரின் மூளைகளைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், பால் மிகுதியாக அருந்தியோரிடம் அதே எச்சம் அதிகமாய்த் தென்படுவதைக் கண்டு, பார்க்கின்சன் நோயோடு அதற்குச் சம்பந்தம் உண்டோ என்னும் வினாவை 2016-இல் எழுப்பினர்.