ஆக்ஸ்போர்டு சாலைக்குத் தெற்கும் வடக்கும்

மார்க்சியம் காலத்தைப் பற்றிய சிந்தனை, இடத்தைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோஷலிசம் என்று வரிசையாக மனப்பாடம் செய்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஏங்கெல்ஸின் மான்செஸ்டரை வாசித்த பிறகு என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1842 கடைசியில் அங்கே வந்தபோது அவருக்கு 22 வயது. அப்பா பங்குதாரராக இருந்த பருத்தி நூல் ஆலையில் தொழில் பழக வந்த பையன். வேலை போக மிச்ச நேரத்தில் தெருத்தெருவாக நடந்தார். 1845இல் லைப்சிக்கில் வந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’யில் அவர் காட்டும் ஒரு காட்சி இன்றைக்கும் திகைக்க வைக்கிறது. ஊர் நடுவிலிருந்து கிளம்பும் பெரிய சாலைகளின் இருபுறமும் கடைகள். புறநகரில் குடியிருக்கும் பணக்காரர் தினமும் அந்த வழியே வந்து போகலாம்; கடைகளுக்குப் பின்னால் இருக்கிற தொழிலாளர் குடியிருப்பு ஆயுசுக்கும் கண்ணில் படாது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டதென்று ஏங்கெல்ஸ் சொல்லவில்லை. முதலாளிகள் ஒன்றுமறியாதவர்கள் என்றும் அவர் நம்பவில்லை.

மெட்லாக் ஆற்றங்கரையில் ‘லிட்டில் அயர்லாந்து’ என்றொரு இடம். முதுகோடு முதுகு ஒட்டிய சுமார் 200 வீடுகளில் 4,000 பேர், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். பிற்பாடு அந்தப் பகுதி அகற்றப்பட்டது. தொல்லை ஒழிந்தது என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். 1872 கோடையில் ஆற்றில் வெள்ளம் வந்ததும் குட்டு உடைந்தது. லிட்டில் அயர்லாந்து எங்கேயும் போகவில்லை. ஆக்ஸ்போர்டு சாலையின் தெற்கிலிருந்து வடக்குப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த இந்த விவரத்தை ‘குடியிருப்புப் பிரச்சினை’ கட்டுரைகளில் எடுத்துப்போட்ட ஏங்கெல்ஸ், இந்த வித்தைக்குப் பாரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மானின் பெயரையே வைத்தார். முதலாளித்துவத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நோயை அடுத்த தெருவுக்குத் தள்ளுவது என்பது அவர் வாதம்.

நூறு வருஷம் கழித்து, பால்டிமோரில் இருந்த புவியியலாளர் டேவிட் ஹார்வி இந்தப் பக்கங்களைத் தேடி எடுத்தார். அமெரிக்க நகரங்களில் ஏழைகள் ஏன் ஓரிடத்தில் குவிகிறார்கள் என்பதற்குச் சிகாகோ சமூகவியலாளர்கள் பண்பாட்டில் காரணம் தேடியிருந்தார்கள். அதைவிட ஏங்கெல்ஸின் விளக்கமே நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று 1973இல் ஹார்வி எழுதினார். 1982இல் ‘மூலதனத்தின் எல்லைகள்’ நூலில் அதே தள்ளலை உலக அளவில் பார்த்தார்: ஓரிடத்தில் தேங்கிய மூலதனம் நெருக்கடியைச் சமாளிக்க வேறு நிலம் தேடிப் போகிறது. கோட்பாடு பெரிசுதான். ஆனால் அங்கே எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்; ஏங்கெல்ஸிடம் இருந்த வீட்டுக் கணக்கும் ஆற்று நாற்றமும் அதில் கிடைப்பதில்லை.